வேலியின் உள்பக்கம்

வேலி போட ஆள் தேடுகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், உடனே ஒரு திருட்டுக் கதை வரும். கெலுகோரில் எங்கள் வீட்டு வரிசையில் எல்லாரிடமும் ஒரு கதை கையிருப்பில் இருக்கிறது. மளிகைக் கடைக்காரருக்கு சைக்கிள் போன கதை. பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்குப் பூச்செடி தொட்டியோடு போன கதை. என்னிடம் ரவிக்கை தைக்க வருகிறவர்கள்கூட அளவு கொடுத்துக்கொண்டே ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். அவர்கள் பேசப் பேச, நான் என் கதையைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

எங்கள் வீட்டுக்குள் யாரும் வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் போய்க்கொண்டிருந்தார்.

என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். இறங்குகிற சரக்கையும் ஏறுகிற கொள்கலன்களையும் எண்ணிச் சரிபார்க்கும் வேலை. இங்கிருந்து பஸ் ஏறி, படகுத்துறையில் இறங்கி, ஃபெரியில் அக்கரைக்குப் போய் வருவார். அதெல்லாம் முடிந்து, ஓய்வு பெற்று, பிரியாவிடை விருந்தில் கொடுத்த சுவர்க் கடிகாரமும் பழுதாகி ஓய்ந்துவிட்டது. ஆனால் கொஞ்ச காலமாக, மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைக்கிற நேரத்தில், முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்திருந்தார்.

"ஷிப்டுக்கு நேரமாச்சு," என்பார்.

முதல் தடவை சிரித்தேன். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். எப்போதும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேலி பேசுகிற மனுஷன் அவர். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு கேட்டைப் பூட்டத் தொடங்கினேன். கேட்டைப் பூட்டி என்ன புண்ணியம்? எங்கள் வேலி, முழங்கால் உயரக் கல்சுவருக்கு மேலே இழுத்துக் கட்டின பழைய கம்பி வலை. துரு தின்று, நடுவில் தொய்ந்து, இடுப்புயரத்துக்கு வந்துவிட்டது. அவர் காற்சட்டை கிழியாமல் இருக்க இரண்டு காலையும் ஒழுங்காகச் சுருட்டிக்கொண்டு, வலையை ஒரு கையால் அமுக்கிப் பிடித்து, தாண்டிப் போய்விடுவார். தெருவில் நின்று சுருட்டினதை இறக்கிவிட்டுக்கொள்வார். அதையெல்லாம் எவ்வளவு நிதானமாகச் செய்கிறார் என்று பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வரும்.

ஒருமுறை பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் கண்டுபிடித்தேன். ஒரு மலாய் மாணவி அவருக்கு இடம் விட்டு எழுந்து நின்றிருந்தாள். கொள்கலனின் கதவு முத்திரையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணும் பரீட்சைக்கு வரும் பாடம்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை கடலோர நெடுஞ்சாலையில், லோரிகள் உரசிக்கொண்டு போகிற ஓரத்தில், துறைமுகம் இருக்கும் திசையில் நடந்துகொண்டிருந்தவரைப் போலீஸ் காடியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். அன்றைக்கு நான் அழவில்லை. அவருக்குச் சோறு போட்டு, கால் கழுவிவிட்டு, மகளுக்குப் போன் செய்தேன்.

மகள் கோலாலம்பூரிலிருந்து மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். அப்பாவுக்குப் பிடித்த பலகாரமெல்லாம் வாங்கி வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். பிறகு அடுக்களைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுனா முதியோர் ஹோம்தாம்மா. அங்க ஒரு இடம் நான் பாத்து வச்சிட்டேன். கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொண்டேன். என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பெற்ற தகப்பனை அடைத்துப் போடவா படிக்க வைத்தோம் என்றுகூடக் கேட்டேன். அவள் அழுதாள். அவள் அழுவதைப் பார்த்த பிறகுதான், அவளும் அந்த நெடுஞ்சாலையில் போன லோரிகளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு உறைத்தது. கடைசியில் பேரம் பேசினேன். நல்ல வேலியாகப் போடுகிறேன், அதற்குப் பிறகும் அவர் போய்விட்டால் நீ சொல்கிறபடி கேட்கிறேன் என்றேன். சரி என்றாள். ஆக, அவர் என்னோடு இந்த வீட்டில் இருப்பதும் இல்லாததும் ஒரு வேலியின் கையில் வந்து நின்றது.

இன்னொன்றும் இருந்தது. வேலி அவருக்காகத்தான் என்று அவருக்குத் தெரியக் கூடாது. முழுக்க மறந்துவிட்ட மனிதர் என்றால் வேறு. இவருக்குப் பாதி நாள் எல்லாம் தெளிவாக இருக்கும். பேப்பரைப் படித்துவிட்டு அமைச்சர்களைத் திட்டுவார், என் தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவார், கறியில் உப்பு கம்மி என்பார். அப்படி ஒரு தெளிந்த நேரத்தில், "என்னையா அடைச்சு வைக்கிறே?" என்று கேட்டுவிட்டால் நான் எந்த முகத்தோடு பதில் சொல்வேன்? வீட்டில் தன்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேச விடாத மனுஷன். அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்தேன்.

வேலி போடும் குத்தகைக்காரர் அக்கரையில் உள்ள புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்தார். காலையில் வருகிறேன் என்றவர் மத்தியானம் வந்தார்.

"பாலத்துல ஜேம்க்கா," என்றார் இறங்கும்போதே.

நாற்பது வயது இருக்கும். வாய் ஓயாத ஆள். தான் போட்ட வேலிகளையெல்லாம் கைப்பேசியில் வைத்திருந்தார். பெற்ற பிள்ளைகளைக் காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். அளவு நாடாவை நீட்டினார், பழைய வலையை உதைத்துப் பார்த்தார், கல்சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு இது இருக்கட்டும் என்றார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"யாருக்குக்கா இந்த பாகார்? நாய்க்கா, மாட்டுக்கா, திருடனுக்கா? ஆளப் பாத்துதான் வேலி போடணும்."

என் கணவர் முன்வாசல் நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வாரின தலை. பார்த்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாது. அப்படித்தான் அவரை வைத்திருந்தேன், அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

"திருடனுக்குத்தான்," என்றேன்.

குத்தகைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. திருடனுக்கு வேலி போடுவதில் அவர் கெட்டிக்காரராம். நெடுங்கம்பிகள் எல்லாம் வெளிப்பக்கம், தெருவைப் பார்த்து. அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிற குறுக்குக் கம்பிகள் உள்பக்கம், வீட்டைப் பார்த்து. தெருவில் நிற்கிறவனுக்குக் கால் வைக்க ஒரு பிடி இருக்காது, வழுக்கிக்கொண்டு இறங்குவான். மேலே ஈட்டி முனை. சொல்லிக்கொண்டே தானே திருடனாகித் தாவிக் காட்டினார், வழுக்கியும் காட்டினார். என் கணவர் பேப்பருக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தார்.

நான் தையல்காரி. துணியில் நல்ல பக்கம் ஊருக்கு, தையலும் முடிச்சும் நமக்கு. நாற்பது வருஷமாக அப்படித்தான் தைக்கிறேன். வேலிக்கும் அதுதானே முறை என்று மண்டையை ஆட்டினேன். உள்ளே இருந்து ஏறுகிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. திருடன் என்று வாய் கூசாமல் சொன்னேன் இல்லையா, சொன்ன பிறகு எனக்கே ஒரு திருடன்தான் கண்ணுக்குத் தெரிந்தான்.

வேலை ஆரம்பித்தது. குத்தகைக்காரரோடு வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர் வந்தார். மலாயில் இரண்டு வார்த்தை, மீதி கைச்சாடை. லோரியிலிருந்து கம்பிகளை இறக்க ஆரம்பித்த சத்தம் கேட்டதும் என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். என் தையல் மேசையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு போய் லோரிக்குப் பக்கத்தில் நின்றார். கம்பி இறங்க இறங்கச் சுவரில் கோடு போட்டார். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. நான்கு கோடு, குறுக்கே ஒன்று.

"ஒண்ணு கொறையுது தம்பி," என்றார் கடைசியில்.

குத்தகைக்காரர் சிரித்துவிட்டு எண்ணிப் பார்த்தார். குறையவில்லை, சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை.

"ஆமாண்ணே, கடையில ஏமாத்திட்டான். நாளைக்கு வாங்கிட்டு வரேன்."

அந்த ஒரு பொய்க்காக நான் அவருடைய எல்லாத் தாமதத்தையும் மன்னித்தேன். அன்றைக்கு மத்தியானம் போய் சாயந்தரம் வந்தது, இவர் சட்டை கேட்கவில்லை. ஷிப்டில்தானே இருக்கிறார், இனி எங்கே போக வேண்டும்?

ஒரு ரவிக்கைக் கொக்கி தைக்கத் தாமதமானால்கூட என்னை நானே திட்டிக்கொள்கிறவள் நான். சொன்ன நாளில் வேலை முடியவில்லை என்றால் கடையேறிப் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் இந்தக் குத்தகைக்காரர் சிமெண்டு காயவில்லை, மழை, பாலத்தில் ஜேம், அங்கே ஒரு அவசர வேலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வராமல் இருந்தபோது, நான் ஒரு போன்கூடச் செய்யவில்லை. வராத நாட்களில் இவர் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து லோரியை எதிர்பார்த்திருந்தார். பஸ்ஸைத் தேடிப் போகிற மனிதர் லோரிக்காகக் காத்திருந்தார். நான் உள்ளே தைத்துக்கொண்டே எட்டிப் பார்ப்பேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். வேலி முடியாமலே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

முடியாமல் இருக்குமா? தூண்கள் இறுகின. ஒருநாள் கம்பிகளைச் சேர்த்த முதல் தட்டியைத் தூக்கி நிறுத்தி, நான்கு மூலையிலும் லேசாகப் பற்றவைத்துவிட்டு, குத்தகைக்காரரும் தொழிலாளியும் சாப்பிடப் போனார்கள். நான் மெஷினில் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது இவர் தட்டியின் முன்னால் நின்று கம்பிகளைத் தடவிக்கொண்டிருந்தார். கோடு போட்டுச் சரிபார்க்கிறார் என்று நினைத்து ஊசியைப் பார்த்தேன். மறுபடி நிமிர்ந்தபோது அவருடைய ஒரு கால் கல்சுவரில் இருந்தது. இன்னொரு கால் கீழ்க் குறுக்குக் கம்பியில். கை மேல் குறுக்குக் கம்பியைப் பிடித்திருந்தது. கொள்கலன் அடுக்குகளில் ஏறி இறங்கின ஆள். அவசரமே இல்லாமல், பிடி பார்த்து, எடை பார்த்து ஏறினார். அவர் தலை அந்த ஈட்டி முனைகளுக்கு மேலே தெரிந்தது.

கழுத்தில் அளவு நாடா தொங்க ஓடினேன். உயரத்தில் நிற்கிறவரைக் கத்திக் கூப்பிடக் கூடாது என்று மட்டும் எப்படியோ தோன்றியது.

"என்னங்க, டீ ஆறிப்போவுது," என்றேன்.

குனிந்து என்னைப் பார்த்தார். எந்த டீ என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. பிறகு ஏறின மாதிரியே ஒவ்வொரு பிடியாக இறங்கி, கையைத் தட்டிக்கொண்டார்.

"உறுதியாத்தான் இருக்கு," என்றார்.

சோதித்துப் பார்த்தாரா, போகத்தான் ஏறினாரா, எனக்குத் தெரியவில்லை. திண்டாடி நின்று அந்தத் தட்டியைப் பார்த்தேன். தெருப்பக்கம் கால் வைக்க ஓர் இடம் கிடையாது. என் பக்கம் ஒழுங்கான ஏணி. குத்தகைக்காரர் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் கேட்ட வேலியைத்தான் போட்டிருந்தார்.

அவர்கள் திரும்பி வந்தபோது இவர் அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார். உள்ளே போய்க் கொஞ்சம் படுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். வேலை நேரத்தில் படுப்பதா என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். வேறு வழி இல்லை, அவரை வைத்துக்கொண்டேதான் பேச வேண்டும்.

"தம்பி, இதைத் திருப்பிப் போடு. குறுக்குக் கம்பி வெளிப்பக்கம் வரட்டும்."

"என்னக்கா சொல்றீங்க?"

"வழவழன்னு இருக்கிற பக்கம் உள்ள வரணும்."

"வெளிய குறுக்குக் கம்பி வச்சா திருடனுக்கு ஏணி வச்சுக் கொடுத்த மாதிரி லா. ஏறி வந்து உங்க வாசல்ல நின்னு டீ கேப்பான்."

"கேட்டா நான் போட்டுக் கொடுத்துக்கிறேன்."

தொழிலாளி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். குத்தகைக்காரர் சிரிக்க முயன்றார்.

"அக்கா, வெளாடாதீங்க. நாளைக்கு யாராச்சும் பாத்து, எந்த மடையன் போட்ட வேலின்னு கேட்டா எம்பேரு என்னாவறது?"

"உள்ள இருந்து பாக்க அசிங்கமா இருக்கு. நாள் முழுக்க பாக்கப் போறவ நான்தானே?"

"அழகுக்கா போடுறோம்? திருடனுக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப திருடன் வேணாம்."

என் பேச்சு எனக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. அடுத்து என்ன சொல்வது என்று தெரியாததால் குரலை உயர்த்தினேன். எனக்கு அது பழக்கம். காசு கொடுக்கிறவள் நான், என் வீடு, என் இஷ்டம், முடியாது என்றால் எல்லாவற்றையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போ என்றேன். அவரும் கையுறையைக் கழற்றி லோரியின் மேல் போட்டார். சரிக்கா, வேற ஆளப் பாருங்க என்றார். சொல்லிவிட்டேனே தவிர, அவர் போய்விட்டால் வேலி இல்லை, வேலி இல்லையென்றால் அந்த ஹோம்தான் என்பது எனக்குத் தெரியும். அப்போதும் அவருக்காகத்தான் என்ற அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. இவர் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்போது எப்படி வரும்?

இவர் அளவு நாடாவை மெதுவாகச் சுருட்டினார்.

"தம்பி."

"சொல்லுங்கண்ணே."

"அவ சொல்றதுதான் சரி. கம்பிய வெளிய போடு. உள்ள இருந்தா நான் ஏறிருவேன்."

குத்தகைக்காரருக்குப் புரியவில்லை.

"நீங்க எதுக்குண்ணே ஏறப் போறீங்க?"

"வேலைக்குன்னு கெளம்பிருவேன். வேலை ஒண்ணும் இல்ல. ஆனா கெளம்பிருவேன்."

எந்தப் பெட்டி எந்த இடத்தில் நசுங்கியிருக்கிறது என்று துறைமுகத்தில் சொல்லுகிற குரல் அது. அவர் சுருட்டின நாடாவைக் குத்தகைக்காரர் கையில் கொடுத்தார்.

"இவ பின்னாலயே ஓடி வரா தம்பி. அவளுக்கு மூட்டு வலி."

எப்போதிலிருந்து அவருக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. முதல் நாள் பேப்பருக்கு மேலாகச் சிரித்தாரே, அப்போதே தெரியுமா, இல்லை தட்டியின் மேலே ஏறி நின்றபோது தெரிந்ததா, கேட்கத் துணிவில்லை. நான் யாரிடமிருந்து மறைத்தேனோ அவரே அதை எனக்காகச் சொல்லிவிட்டார். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைவிட, கல்யாணமான நாளிலிருந்து அவர்மேல் எனக்கு இருந்த பிரியம் பெரிதாக இருந்தது. அதையும் அங்கே வைத்துச் சொல்ல முடியவில்லை.

குத்தகைக்காரர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். பற்றவைத்த நான்கு இடத்தையும் அறுத்து, தட்டியைத் திருப்பி நிறுத்தினார். ஒரு பக்கத்தை என் கணவர்தான் பிடித்துக்கொண்டார்.

இரண்டே நாளில் மீதி முழுவதும் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் ஜேமும் இல்லை, மழையும் இல்லை. போகும்போது குத்தகைக்காரர் இவரிடம் கை கொடுத்துவிட்டுப் போனார். அந்த வேலியைப் படம் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் பாத்திரம் கழுவி வைத்தபோது முகச்சவரச் சோப்பின் வாசனை வந்தது. இஸ்திரிச் சட்டையோடு வாசலுக்கு வந்தார். கேட்டை ஆட்டிப் பார்த்தார். வேலியோரமாக ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் நடந்தார். கல்சுவரில் ஒரு காலை வைத்து, இன்னொரு கால் வைக்க இடம் தேடினார். வழுக்கியது. மறுபடி வைத்தார், வழுக்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்த அதே முகம்.

"யாரு இந்த வேலியப் போடச் சொன்னது?"

திருடன் கதை என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எத்தனை பேர் கொடுத்த கதைகள்.

"நீங்கதாங்க சொன்னீங்க," என்றேன்.

"நானா?"

"ஆமா. கம்பிய வெளிய போடுன்னு நீங்கதான் சொன்னீங்க. நீங்களே பிடிச்சும் கொடுத்தீங்க."

என்னை உற்றுப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேனா என்று பார்த்தார். பிறகு வேலியைப் பார்த்தார்.

"நான் சொல்லியிருந்தா ஏதாச்சும் காரணம் இருக்கும்," என்று சொல்லிவிட்டு, சட்டையின் கைப்பொத்தானைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார்.